நுண்துளியின் பரப்பு இழுவிசை சிமுலேஷன்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்குவது

கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்காக வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே மாதிரியான கோளாறுகளோடுதான் வருகிறார்கள். "சார், துளியைக் காணோம்", "சார், விடை பாதிதான் வருது" என்று ஆரம்பிப்பார்கள். அதனால் அறிகுறியை வைத்தே எழுதிவிடுகிறேன். உங்கள் திரையில் தெரிவது எதுவோ, நேராக அந்த இடத்துக்குப் போய்விடலாம். மூலக்கூறுகளின் இயக்கத்தைக் கணினியில் கணக்கிடும் லாம்ப்ஸ், க்ரோமாக்ஸ் நிரல்கள் இரண்டையும் மனதில் வைத்து எழுதியது.

அதற்கு முன் ஒன்று. துளி சிறிதாகச் சிறிதாக அதன் பரப்பு இழுவிசை எவ்வளவு மாறுகிறது என்பதே நம் கேள்வி. நாம் தேடுவது மிகச் சிறிய விளைவு. நெல் இலையில் மருந்துத் துளி ஒட்டாமல் உருண்டுவிடும் என்று தெளிப்பானில் டீப்பால் கலக்கிறோம் அல்லவா, அந்தத் துளி 0.1 மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும். அவ்வளவு சிறிய துளிக்கும் குளத்துத் தண்ணீருக்கும்கூட, அளவு காரணமாகப் பரப்பு இழுவிசையில் வித்தியாசம் எதுவும் அளக்கக் கிடைக்காது. ஆரம் சில நானோமீட்டருக்கு இறங்கிய பிறகுதான் வித்தியாசம் தலைகாட்டும். அங்கேயும் இரண்டு, மூன்று சதவீதம்தான். கீழே வரும் கோளாறுகள் ஒவ்வொன்றும் தனியாகவே அதைவிடப் பெரிய தப்பை உண்டாக்கும். விடை விசித்திரமாக வந்தால் "புது இயற்பியல் கண்டுபிடித்துவிட்டேன்" என்று துள்ள வேண்டாம். முதலில் பெட்டியை, அதாவது மூலக்கூறுகளை அடைத்து ஓட்டும் கணினிக் கனசதுரத்தை, பாருங்கள்.

"துளியைக் காணோம், பெட்டி முழுக்க ஆவி"

லென்னார்டு-ஜோன்ஸ் திரவத்தில்தான் (அருகே விலக்கும், தள்ளி ஈர்க்கும் எளிய உருண்டைகளாக மூலக்கூறுகளை எடுக்கும் மாதிரி) இது அதிகம். பெட்டியை அளவுக்கு மீறிப் பெரிதாக எடுத்திருப்பீர்கள். துளி நிலைக்க வேண்டுமானால் முதலில் பெட்டியின் காலி இடம் ஆவியால் நிரம்பியாக வேண்டும். வாய்க்கால் நிரம்பாமல் கடைமடைக்குத் தண்ணீர் ஏறாது என்பதுபோலத்தான். கணக்கைப் போட்டுப் பாருங்கள். கட்ஆஃப் (இதற்கு மேல் தள்ளி இருக்கும் மூலக்கூறுகளின் விசையைக் கணக்கிடாமல் விடும் தூரம்) 2.5 சிக்மா, குறுக்கிய வெப்பநிலை (மாதிரியின் சொந்த அலகில்) 0.8. சிக்மா என்பது ஏறக்குறைய ஒரு மூலக்கூறின் விட்டம். திரவ அடர்த்தி சுமார் 0.73, ஆவி அடர்த்தி சுமார் 0.02. ஆரம் 6 சிக்மா உள்ள துளியில் ஏறத்தாழ 660 மூலக்கூறுகள் இருக்கும். பெட்டியின் பக்கம் 40 சிக்மா என்றால் அதை ஆவியால் நிரப்பவே 1,280 மூலக்கூறுகள் வேண்டும். இருப்பதோ 660. துளி எப்படி மிஞ்சும்?

பக்கத்தை 20 சிக்மாவாகக் குறைத்தால் ஆவிக்கு 140 சொச்சம் போதும். ஆனால் அதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. துளி சிறியது என்பதால் அதன் மேல் நிற்கும் ஆவி, தட்டையான பரப்பின் மேல் நிற்பதைவிட அடர்த்தியாக இருக்கும். கெல்வின் சமன்பாடு சொல்வது இதைத்தான். மேலே சொன்ன துளிக்கு அந்தப் பெருக்கம் கிட்டத்தட்ட 1.25 மடங்கு. ஆக 180 மூலக்கூறுகளைக் கூடுதலாகப் போட்டு, மொத்தம் 840 என்று ஆரம்பித்தால் துளி நிற்கும்.

தண்ணீரில் இந்தத் தொல்லை அறை வெப்பநிலையில் கிடையாது. 20 நானோமீட்டர் பெட்டி முழுவதற்கும் ஏழெட்டு மூலக்கூறுகள்தான் ஆவியாக நிற்கும். ஆரம் 2 நானோமீட்டர் என்றால் கெல்வின் விளைவால் அது 1.7 மடங்கு ஆகும், அவ்வளவுதான். தண்ணீர்த் துளி 300 கெல்வினில் முழுதாக ஆவியாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது வெப்பநிலையை இல்லை, மின்சுமைகளை. ஹைட்ரஜன், ஆக்சிஜன் சுமைகள் கோப்பில் ஏறவே இல்லை என்றால் தண்ணீர் தண்ணீராக இருக்காது.

"துளி நீண்டு உருளையாகிவிட்டது"

இது முந்தையதற்கு நேர் எதிர்: பெட்டி சிறியது. ஒரு சுவரைத் தாண்டினால் எதிர்ச் சுவர் வழியே உள்ளே வருவதுபோல் (பீரியாடிக் எல்லை) ஓட்டுவதால், பெட்டிக்கு எல்லாப் பக்கமும் அதன் பிம்பம் இருக்கும். துளி தன் பிம்பத்தோடு கைகோத்துப் பரப்பைக் குறைத்துக்கொள்ளப் பார்க்கிறது. திரவத்தின் பங்கு பெட்டியின் கனஅளவில் 15.5 சதவீதத்தைத் தாண்டினால் உருளையின் பரப்பு கோளத்தைவிடக் குறைவு, 31.8 சதவீதத்தைத் தாண்டினால் பலகை வடிவம் இன்னும் குறைவு. 15.5 சதவீதம் என்பதைப் பிரித்துப் பார்த்தால் ஆரம் சரியாகப் பெட்டிப் பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு. எனவே பக்கம் ஆரத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல். கொஞ்சம் தாராளமாக வையுங்கள், சரியாக மூன்றில் நிறுத்தாதீர்கள்.

"துளி நடுவில் அடர்த்தி குறைகிறது, ஓரத்தில் மேடு"

போன பருவத்தில் நீடாமங்கலம் பக்கத்திலிருந்து வந்த மாணவி ஒருவர் கொண்டுவந்த வரைபடம் இப்படித்தான் இருந்தது. மையத்தில் திரவ அடர்த்தியில் பாதிகூட இல்லை. அப்புறம் மெல்ல ஏறி, பிறகு நீண்ட வால். "உள்ளே குமிழி இருக்குதா சார்?" என்று கேட்டார். "குமிழி இல்லம்மா, படத்தைத் திறந்து பாரு" என்றேன். கடைசி ஃபிரேமில் துளியின் ஒரு பாதி பெட்டியின் இடது சுவரிலும் மறு பாதி வலது சுவரிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. துளிக்கு ஒன்றும் ஆகவில்லை. பீரியாடிக் எல்லையை அது தாண்டிக்கொண்டிருந்த நேரம் அது. ஆனால் நிறை மையத்தைச் சாதாரண சராசரியாகக் கணக்கிட்டால் இரண்டு பாதிக்கும் நடுவே, பெட்டியின் வெற்றிடத்தில் போய் மையம் விழும். அங்கிருந்து ஆரத்தை அளந்தால் வரைபடம் எப்படிச் சரியாக வரும்?

இதற்கு மூன்று வழி உண்டு. முதலாவது, ஒவ்வொரு ஆயத்தொலைவையும் பெட்டிப் பக்கத்தால் வகுத்து ஒரு கோணமாக மாற்றி, அந்தக் கோணங்களின் சைன், கோசைன் சராசரியிலிருந்து மையத்தை எடுப்பது. சுவரைத் தாண்டினாலும் இது ஏமாறாது. பைத்தானில் ஐந்தாறு வரிதான். இரண்டாவது, க்ரோமாக்ஸில் டிரெஜ்கான்வ் கட்டளையின் கிளஸ்டர் தேர்வு. மூன்றாவது, ஓட்டத்தின்போதே லாம்ப்ஸின் ஃபிக்ஸ் ரீசென்டர் கொண்டு துளியை நடுவில் நிறுத்திவைப்பது. நான் முதல் வழியைத்தான் சொல்வேன். ஓட்டத்தில் கை வைக்காமல், பகுப்பாய்வில் சரிசெய்வது எப்போதும் பாதுகாப்பு.

அதோடு, மையத்தைக் கணக்கிடும்போது ஆவி மூலக்கூறுகளைச் சேர்க்காதீர்கள். பெட்டி மூலையில் அலையும் ஒரு மூலக்கூறு, சிறிய துளியின் மையத்தை லேசாக இழுக்கும். ஸ்டில்லிங்கர் முறையில் 1.5 சிக்மாவுக்குள் இருப்பவற்றைச் சங்கிலியாகக் கோத்து, மிகப்பெரிய கொத்தை மட்டும் துளி என்று எடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் மையத்துக்கு ஒட்டிய முதல் இரண்டு மூன்று ஓடுகளில் (மையத்தைச் சுற்றி வெங்காயத் தோல்போல் பிரித்த அடுக்குகள்) அடர்த்தி துள்ளினால் அது கோளாறு இல்லை. அந்த ஓடுகளின் கனஅளவு அவ்வளவு சிறியது, ஒரு மூலக்கூறு வந்து போனாலே எண் ஆடும். அந்தப் புள்ளிகளை வரைவில் காட்டுங்கள், பொருத்தலில் குறைந்த எடை கொடுங்கள்.

"வெப்பநிலை 300 காட்டுகிறது, ஆனால் துளி உறைந்ததுபோல் இருக்கிறது"

திரையில் துளி மொத்தமாக ஒரு பக்கம் பறந்துகொண்டிருக்கும். உள்ளே மூலக்கூறுகள் அசைவில்லாமல் கிடக்கும். பெரென்ட்சன் தெர்மோஸ்டாட் (வெப்பநிலையை நிலையாக வைக்கும் ஒரு முறை) போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். வேகங்களைப் பெருக்கிப் பெருக்கிச் சரிசெய்யும் அந்த முறையில் உள் அதிர்வின் ஆற்றல் மெல்ல மெல்ல ஒட்டுமொத்த நகர்வுக்குள் போய்ச் சேரும். பறக்கும் பனிக்கட்டி என்றே இதற்குப் பெயர். நோசே-ஹூவர் அல்லது க்ரோமாக்ஸின் வி-ரீஸ்கேல் போடுங்கள், நிறை மைய நகர்வைத் தொடர்ந்து நீக்குங்கள். லாம்ப்ஸில் ஃபிக்ஸ் மொமென்டம் நேர்கோட்டு உந்தத்தோடு கோண உந்தத்தையும் நீக்கும். ஆனால் எச்சரிக்கை: துளி சுவரைத் தாண்டும் தறுவாயில் கோண உந்தக் கணக்கு தடுமாறும். அதனால் துளியைப் பெட்டியின் நடுவில் வைத்து ஆரம்பித்து, நகராமல் பார்த்துக்கொண்ட பிறகே அதைப் போடுங்கள்.

"பரப்பு இழுவிசை சுழியம் என்று வருகிறது"

க்ரோமாக்ஸின் எனர்ஜி கட்டளை கொடுக்கும் பரப்பு இழுவிசை வரியை அப்படியே துளிக்கு எடுத்திருப்பீர்கள். அது செங்குத்துத் திசை அழுத்தத்திலிருந்து மற்ற இரண்டு திசை அழுத்தங்களின் சராசரியைக் கழித்து, பெட்டி உயரத்தால் பெருக்குவது. பெட்டியின் குறுக்கே, மேலும் கீழும் பரப்போடு நிற்கும் தட்டையான திரவப் பலகைக்குத்தான் அது பொருந்தும். துளியோ எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இருப்பது. மூன்று அழுத்தங்களும் சமம், விடை சுழியம். நிரலில் பிழை இல்லை, கேள்விதான் தப்பு.

பலகைக்கே பயன்படுத்தினாலும் அலகு கவனம். அந்த எண் பார்-நானோமீட்டரில் இருக்கும், இரண்டு பரப்புகளையும் சேர்த்து. முதலில் இரண்டால் வகுத்து, பிறகு பத்தால் வகுத்தால் மில்லிநியூட்டன்/மீட்டர். 1,440 என்று வந்தால் 72. லாம்ப்ஸில் ரியல் அலகு என்றால் அட்மாஸ்பியர்-ஆங்ஸ்ட்ராம், அதை 0.0101325 ஆல் பெருக்க வேண்டும்.

"புத்தக மதிப்பில் பாதிதான் வருகிறது"

அதிகம் பேர் வந்து நிற்கும் இடம் இது. மேலே சொன்னபடி இரண்டு பரப்புக்காக ஏற்கெனவே இரண்டால் வகுத்ததை மறந்து இன்னொரு முறை வகுத்துவிட்டீர்களா என்று முதலில் பார்த்துவிடுங்கள். இல்லை என்றால், பெரும்பாலும் கட்ஆஃப்தான்.

பரப்பு இழுவிசை தொலைதூர ஈர்ப்பை வெகுவாக நம்பி நிற்பது. லென்னார்டு-ஜோன்ஸ் திரவத்துக்குக் குறுக்கிய வெப்பநிலை 0.7இல் முழு ஈர்ப்பையும் எடுத்தால் சுமார் 1.15 வரும். 2.5 சிக்மாவில் வெட்டி, ஆற்றலை இடம்பெயர்த்தால் சுமார் 0.58. சரிபாதி. அடர்த்தியில் இந்த வித்தியாசம் இவ்வளவு பளிச்சென்று தெரியாது, அதனால்தான் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள்: "அடர்த்தி சரியாத்தானே சார் வருது?" என்று.

நுட்பமான இன்னொரு கண்ணி உண்டு. மூலக்கூறு இயக்கவியலில் ஓடுவது விசை. வெட்டும் இடத்தில் ஆற்றல் சட்டென்று விழுவதால் வரவேண்டிய கணநேர உதையை நிரல் போடுவதில்லை. அதனால் இடம்பெயர்த்தல் தேர்வை நீங்கள் போட்டாலும் போடாவிட்டாலும் இயக்கம் ஒன்றுதான்: வெட்டி இடம்பெயர்த்த மாதிரி. மான்டி கார்லோவில் (விசை இல்லாமல், ஆற்றலை மட்டும் வைத்து மூலக்கூறுகளைத் தற்செயலாக நகர்த்தும் முறை) வெறுமனே வெட்டிய மாதிரிக்கு வெளியான எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட்டால் ஒத்துப்போகாது. ஒப்பிடும் கட்டுரையில் எந்த மாதிரி என்று பார்த்துவிட்டுப் பிறகு தலையைச் சொறியுங்கள்.

வெட்டி விட்ட தொலைதூர ஈர்ப்பைத் தோராயமாகச் சேர்க்கும் வால் திருத்தம் போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். லாம்ப்ஸின் டெயில் தேர்வும் க்ரோமாக்ஸின் டிஸ்ப்கார் தேர்வும் பெட்டி முழுக்க அடர்த்தி ஒன்றே என்று எடுத்துக்கொண்டு கணக்கிடுபவை. பாதி திரவம், பாதி ஆவி உள்ள பெட்டியில் அந்த அனுமானம் நிற்காது. உண்மையான தீர்வு, லென்னார்டு-ஜோன்ஸ் பகுதிக்கும் ஈவால்டு வகைக் கூட்டல் (வெட்டாமல் தொலைதூர விசையையும் சேர்க்கும் முறை) போடுவது: க்ரோமாக்ஸில் எல்ஜே-பிஎம்ஈ, லாம்ப்ஸில் பிபிபிஎம்-டிஸ்ப். நேரம் கூடுதலாகும்தான். இல்லையென்றால் 2.5 சிக்மா மாதிரியையே ஒரு தனித் திரவமாக ஏற்றுக்கொண்டு, துளிக்கும் பலகைக்கும் அதே கட்ஆஃபை வையுங்கள். புராஜெக்ட்டுக்கு இரண்டாவதே போதும் என்பது என் கருத்து. ஒன்றுக்கு ஒரு கட்ஆஃப், மற்றொன்றுக்கு வேறு என்று கலப்பதுதான் மன்னிக்க முடியாதது.

தண்ணீரில் பாதி வராது, ஆனால் குறையும். நிஜத் தண்ணீருக்கு 25 டிகிரி செல்சியஸில் 72 மில்லிநியூட்டன்/மீட்டர். 300 கெல்வினில் டிப்-3-பி என்ற தண்ணீர் மாதிரி ஏறத்தாழ 52 கொடுக்கும், எஸ்பிசி-ஈ 64, டிப்-4-பி-2005 69. இது மாதிரியின் குணம். நீங்கள் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் மாறாது. ஆர்கானுக்கு மாற்றிப் பார்ப்பவர்களுக்கும் ஒரு சொல்: குறுக்கிய அலகு 1 என்பது 14.3 மில்லிநியூட்டன்/மீட்டர். எனவே 1.15 என்பது 16க்குச் சற்று மேல். நிஜ ஆர்கானுக்கு அந்த வெப்பநிலையில் 13 சொச்சம்தான். மூன்று அணுக்கள் சேர்ந்து செய்யும் விளைவு இந்த மாதிரியில் இல்லை என்பதால் வரும் இடைவெளி அது.

"அழுத்த வரைவு தலைகீழாக இருக்கிறது, அல்லது பேயாட்டம் ஆடுகிறது"

தலைகீழ் என்றால் குறி. லாம்ப்ஸின் ஸ்ட்ரெஸ்-ஆட்டம் கொடுப்பது அழுத்தத்தின் எதிர்க்குறி. அதுவும் கனஅளவால் வகுக்காதது. ஓட்டில் உள்ள அணுக்களின் மூன்று மூலைவிட்டக் கூறுகளையும் கூட்டி, ஓட்டின் கனஅளவைப்போல் மூன்று மடங்கால் வகுத்து, குறியை மாற்றுங்கள். ஆனால் பரப்பை ஒட்டிய இடத்தில் இந்த அணுவாரி எண்ணை நான் நம்பமாட்டேன். ஒரு ஜோடி விசையை இரண்டு அணுவுக்கும் பாதிப்பாதி என்று பங்கிடுவதால் அது எந்த ஓட்டுக்குச் சேர வேண்டும் என்பது குழம்பிவிடும். இர்விங்-கிர்க்வுட் பாதையில் (ஜோடியை இணைக்கும் நேர்கோட்டில் விசையைப் பரப்பி) கணக்கிடும் ஸ்ட்ரெஸ்-ஸ்பெரிகல் லாம்ப்ஸிலேயே இருக்கிறது. அது ஜோடி விசைகளை மட்டும்தான் எண்ணும். நீண்டதூர மின்விசையும் பிணைப்புகளும் அதில் சேராது. ஆகவே லென்னார்டு-ஜோன்ஸுக்குச் சரி, தண்ணீருக்குச் சரிப்படாது.

ஆட்டம் என்றால் பெரும்பாலும் போதாத ஓட்டம். அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு: ஆர வர்க்கத்தால் பெருக்கிய செங்குத்து அழுத்தத்தின் சாய்வு, ஆரத்தையும் தொடுகோட்டு அழுத்தத்தையும் பெருக்கியதைப்போல் இரு மடங்குக்குச் சமமாக வேண்டும். இயந்திரச் சமநிலையின் விதி அது. உங்கள் வரைவு இதற்கு ஒத்துவரவில்லை என்றால் இன்னும் ஓட்டுங்கள்.

அழுத்தத்தை நேரடியாக எடுக்காமல், துளி நடுவின் அடர்த்தியை வைத்து, அதே அடர்த்தியில் தனித் திரவத்தை ஓட்டி அழுத்தம் எடுப்பவர்களும் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆரம் 4 நானோமீட்டர் தண்ணீர்த் துளிக்குள் லாப்லாஸ் அழுத்தம் (வளைந்த பரப்பால் உள்ளே கூடும் அழுத்தம்) 36 மெகாபாஸ்கல். அதற்கு அடர்த்தி கூடுவது 1.6 சதவீதம் மட்டுமே. அடர்த்தியில் 0.1 சதவீதம் பிசகினால் அழுத்தத்தில் 6 சதவீதம் பிசகு. நாம் தேடும் விளைவோ இரண்டு மூன்று சதவீதம்.

"கரண்ட் போய் வந்த பிறகு எண்கள் மாறிவிட்டன"

ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் வேலை செய்கிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். க்ரோமாக்ஸ் 15 நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே செக்பாயின்ட் (ஓட்டத்தின் நிலையைச் சேமிக்கும் கோப்பு) எழுதும். லாம்ப்ஸில் நீங்கள்தான் கேட்க வேண்டும். இரண்டு ரீஸ்டார்ட் கோப்புகளில் மாற்றி மாற்றி எழுதச் சொல்லுங்கள். எழுதும் நொடியிலேயே கரண்ட் போனால் ஒன்றாவது மிஞ்சும். தொடரும்போது பழைய இன்புட் கோப்பையே நகலெடுத்தால் வெலாசிட்டி-கிரியேட் வரியும் கூடவே வந்துவிடும். அது எல்லா வேகத்தையும் புதிதாகப் போட்டு, சமநிலையைக் கலைத்துவிடும். அந்த வரியை நீக்கிவிட்டு ஓட்டுங்கள்.

"டோல்மன் நீளம் ஒரு தடவை பிளஸ், ஒரு தடவை மைனஸ்"

டோல்மன் நீளம் என்பது, துளி சிறிதாகும்போது இழுவிசை எவ்வளவு மாறும் என்று சொல்லும் எண். டோல்மன் 1949இல் சொன்னது: துளியின் பரப்பு இழுவிசை = தட்டைப் பரப்பின் மதிப்பு ÷ (1 + 2 × டோல்மன் நீளம் ÷ ஆரம்). அந்த நீளம், சமமோல் ஆரத்துக்கும் (மூலக்கூறு எண்ணிக்கையை வைத்து வரையும் எல்லை) இழுவிசைப் பரப்பின் ஆரத்துக்கும் (இழுவிசை செயல்படுவதாக எடுக்கும் எல்லை) உள்ள வித்தியாசம். அதன் குறி என்ன என்று துறையிலேயே நெடுங்காலம் சண்டை நடந்தது. அழுத்த டென்சர் (இடத்துக்கு இடம், திசைக்குத் திசை அழுத்தம்) வழியில் போனவர்களுக்கு பிளஸ் வந்தது. துளிக்கு உள்ளேயும் வெளியேயும் உள்ள அழுத்தங்களை வைத்துப் போனவர்களுக்கு லென்னார்டு-ஜோன்ஸில் மைனஸ் 0.1 சிக்மா அளவில் வந்தது. நான் இரண்டாவது பக்கம். ஓட்டுக்கு ஓடு அழுத்தத்தை எப்படிப் பங்கிடுவது என்பதற்கு ஒரே விடை கிடையாது, அந்தக் குழப்பம் நேராக டோல்மன் நீளத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

உங்கள் குறி மாறி மாறி வருவதற்கு இவ்வளவு ஆழமான காரணம் தேவையே இல்லை. மைனஸ் 0.1 சிக்மா என்றால் ஆரம் 10 சிக்மாவில் விளைவு 2 சதவீதம். உங்கள் பிழை வரம்பு 3 சதவீதம் என்றால் குறி எந்தப் பக்கமும் விழும். அதுவும் பிழை வரம்பைச் சரியாகக் கணக்கிட்டிருந்தால். அடுத்தடுத்த ஃபிரேம்கள் ஒன்றோடொன்று ஒட்டியவை. அவற்றைத் தனித்தனி மாதிரிகளாக எண்ணினால் பிழை பொய்யாகச் சுருங்கிவிடும். ஃப்ளைவ்பியெர்கும் பீட்டர்சனும் 1989இல் காட்டிய பிளாக் சராசரி முறையில், பிளாக் நீளத்தைக் கூட்டிக்கொண்டே போய், பிழை மேலே ஏறாமல் நிற்கும் இடத்தை எடுங்கள்.

அடுத்தது ஆரம். சமமோல் ஆரத்தை அடர்த்தி வரைவிலிருந்து சுலபமாக எடுக்கலாம். ஆனால் அழுத்த வித்தியாசத்தை அந்த ஆரத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் கிடைக்கும் எண்ணுக்குத் திருத்தம் 1 − டோல்மன் நீளம் ÷ ஆரம். இரண்டு மடங்கு அங்கே கிடையாது. இழுவிசைப் பரப்பின் ஆரத்துக்கு உள்ள வாய்பாட்டை இங்கே கொண்டுவந்து போட்டால் நீளம் பாதியாகிவிடும். எந்த ஆரத்தில் வரைந்தீர்கள் என்பதை அச்சிலேயே எழுதுங்கள்.

தட்டைப் பரப்பின் மதிப்பைப் புத்தகத்திலிருந்து எடுக்காமல், அதே கட்ஆஃப், அதே வெப்பநிலை, அதே நேரப்படியில் நீங்களே ஒரு பலகை ஓட்டி எடுங்கள். அந்தப் புள்ளி வரைவில் 1 ÷ ஆரம் = 0 என்ற இடத்தில் உட்காரும். மற்ற புள்ளிகளை நேர்கோட்டில் பொருத்தும்போது மிகச் சிறிய துளிகளைச் சேர்க்க வேண்டாம். ஆரம் குறையக் குறைய, 1 ÷ ஆர வர்க்கத்தோடு வரும் அடுத்த திருத்தமும் தலையிட்டுக் கோட்டை வளைத்துவிடும். நாலைந்து பெரிய துளிகளும் ஒரு பலகையும் இருந்தால், குறி தெளிவாக வராவிட்டாலும் பரவாயில்லை: "டோல்மன் நீளம் இத்தனை சிக்மாவுக்குள்தான்" என்று ஒரு எல்லையைக் கொடுத்தால் புராஜெக்ட் அறிக்கைக்கு அது முழு விடைதான்.